விழாநாட் கதவுகள்: பல்கலைக்கழக ஆண்டு நிறைவுக் கண்காட்சிகளும் ஆரையம்பதிக் கைவினைஞரும்

1

பல்கலைக்கழகங்கள் தம் ஆண்டு நிறைவை விழாவாகக் கொண்டாடுவதும், அவ்விழாவின் ஓர் அங்கமாகத் தம் விஞ்ஞான ஆய்வுகூடங்களையும் வடிவமைப்புக் கூடங்களையும் பொதுமக்கள் சுற்றிப் பார்ப்பதற்குத் திறந்துவிடுவதும் இன்று உலகின் பல பகுதிகளில் வழமையாகிவிட்டன. அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகம் தனது 150 ஆவது ஆண்டு நிறைவையொட்டி 2011 ஏப்பிரல் 30 ஆம் திகதி தன் கூடங்களை ஊராருக்குத் திறந்துவைத்தது. நமது நாட்டிலே பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் தன் பொன்விழாவை 2000 இலும், 75 ஆவது ஆண்டு நிறைவை 2025 இலும் 'என்ஜெக்ஸ்' என்னும் கண்காட்சியாற் சிறப்பித்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகம், கட்டுபெத்தை வளாகமாக 1972 இல் தோற்றம்பெற்றதிலிருந்து ஐம்பது ஆண்டுகள் நிறைந்தமையை, பொருளாதார நெருக்கடியின் ஆண்டாகிய 2022 இல் 'எக்ஸ்மோ' கண்காட்சியோடு நினைவுகூர்ந்தது.

இத்தகைய விழாக்களை வெறும் கொண்டாட்டமெனக் கொண்டு கடந்து செல்லுதல் எளிது. ஆயின், ஒரு சமூகத்தில் அறிவு எங்கே சேமிக்கப்பட்டுள்ளது, யார் கையில் உள்ளது, யாருக்கு எவ்வளவு நேரம் காட்டப்படுகிறது என்னும் வினாக்களுக்கு இவ்விழாக்கள் விடை பகர்கின்றன. ஆண்டில் முந்நூற்றுக்கு மேற்பட்ட நாட்கள் மூடியிருக்கும் கதவு ஒரு நாள் திறக்கப்படுகிறது என்றால், அத்திறப்பு மூடலின் வரலாற்றையும் உடன் கொண்டுவருகிறது. அவ்வரலாற்றை மட்டக்களப்பு வாவிக் கரையிலுள்ள ஆரையம்பதி என்னும் ஊரின் நிலையிலிருந்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தறியும் உலைக்களமும் வலையும் நெடுங்காலம் ஊர்வாழ்வின் ஆதாரங்களாயிருந்த ஓர் ஊரின் கண்கொண்டு பார்க்கையில், தலைநகரிலிருந்து பார்க்கையிற் புலப்படாத சில உண்மைகள் புலப்படும் என நாம் கருதுகிறோம்.

2

ஆய்வுகூடத்தைக் காட்சிப் பொருளாக்கும் வழக்கம் கண்காட்சி என்னும் நிறுவனத்தின் வழிவந்தது. அதன் பெருந்தோற்றம் 1851 இல் இலண்டன் பளிங்கு மாளிகையில் நடைபெற்ற மாபெருங் கண்காட்சியாகும். மே முதல் ஒக்டோபர் வரை ஏறத்தாழ அறுபது இலட்சம் பேர் அதனைக் கண்டனர். அங்கு நுழைவுக் கட்டணம் நாளுக்கு நாள் வேறுபட்டது. செல்வர்க்குரிய நாட்கள் ஒருபுறமும், தொழிலாளர் வருதற்பொருட்டு ஒரு சிலிங் கட்டணம் விதிக்கப்பட்ட நாட்கள் மறுபுறமுமாக வர்க்கப் பிரிவினை நாட்காட்டியிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. தம் கரங்களால் ஆக்கிய இயந்திரங்களைத் தொழிலாளர் கட்டணம் செலுத்திப் பார்த்தனர் என்பது கருதத்தக்கது.

அக்கண்காட்சியில் இந்திய மண்டபமும் இருந்தது. இந்திய நெசவாளரின் துணிகள் ஐரோப்பியக் கண்களுக்கு வியப்பூட்டின. ஆயின் அதே காலப்பகுதியில் மான்செஸ்டர் ஆலைத் துணிகளின் படையெடுப்பால் அத்துணிகளை நெய்தோரின் வாழ்வு நலிவுற்றுக்கொண்டிருந்தது. ஒரு கைவினை அழியத் தொடங்கும் வேளையிலேயே அது அருங்காட்சிப் பொருளாகி மதிப்புப் பெறுகிறது என்னும் முரண் அன்றே தொடங்கிவிட்டது. கண்காட்சியின் உபரி வருவாயாகிய ஏறத்தாழ 186,000 பவுணைக் கொண்டு தென் கென்சிங்டனில் நிலம் வாங்கப்பட்டது. அருங்காட்சியகங்களும் விஞ்ஞானக் கல்வி நிலையங்களும் அந்நிலத்தில் எழுந்தன. இவ்வாறு கண்காட்சி பல்கலைக்கழகத்தின் முன்னோடிகளுள் ஒன்றாகவும் அமைந்தது.

அமெரிக்க வரலாறும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. 1861 இற் சாசனம் பெற்ற மசாச்சுசெட்ஸ் நிறுவகம், 1862 ஆம் ஆண்டின் மொறில் சட்டத்தின்வழி வந்த நிதியிற் பங்கு பெற்று வளர்ந்தது. விவசாயமும் இயந்திரக் கலைகளும் உழைக்கும் வகுப்பாருக்குக் கற்பிக்கப்படவேண்டும் என்பது அச்சட்டத்தின் நோக்கமாகக் கூறப்பட்டது. நிதி திரட்டுவதற்காக விற்கப்பட்ட நிலங்களோ பெருமளவிற் பூர்வகுடிகளிடமிருந்து பெறப்பட்டவை. ஒரு மக்கட் கூட்டத்தின் நிலம் மற்றொரு மக்கட் கூட்டத்தின் ஆய்வுகூடமாயிற்று. விழாக்களின்போது கூடங்கள் திறந்து காட்டப்படுகின்றன. அவற்றின் அடித்தளம் காட்டப்படுவது அரிது.

3

இலங்கையிற் பல்கலைக்கழகக் கல்வி குடியேற்றவாத அரசின் தேவைகளை ஒட்டியே வடிவம் பெற்றது. 1893 இல் கொழும்பிலே தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1921 இல் பல்கலைக்கழகக் கல்லூரி எழுந்தது. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டு ஐவர் ஜெனிங்ஸ் அதன் முதலாவது துணைவேந்தரானார். பொறியியற் பீடம் 1950 இல் கொழும்பில் தொடங்கிப் பின்னர் 1960களிற் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. அரசாங்க எழுதுவினைஞரையும் நிருவாகிகளையும் உருவாக்குவதே முதற் பணி என்றிருந்தமையால், கைத்தொழிலோடு கல்வி கொள்ளவேண்டிய உறவு இந்நிறுவனங்களின் சிந்தனையிற் பின்தள்ளப்பட்டது.

பேராதனை வளாகத்தின் முறையான திறப்புவிழா 1954 ஏப்பிரல் 20 இல் எலிசபெத் இராணியின் முன்னிலையில் நடைபெற்றது. விரிவுரைகள் முன்னரே தொடங்கிவிட்டமையால், அங்கு எடின்பரோக் கோமகன் பல்கலைக்கழகத்தை வழக்கத்தைவிடக் கூடுதலாகத் திறந்துவைப்பதாக நகைச்சுவைபட அறிவித்தார். அவ்வாசகம் கல்லிலும் பொறிக்கப்பட்டது. அந்நகைச்சுவையினுள் ஓர் உண்மை உறைகிறது. 'திறத்தல்' என்பது அளவிலே கூடவும் குறையவும் வல்லது. கட்டிடத்துக்குத் திறப்புவிழா நடத்திவிடலாம். சமூகத்துக்குத் திறப்பது நெடிய போராட்டத்தால் நிகழ்வது.

அப்போராட்டத்தின் முதன்மையான மைல்கல் 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியாகும். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரவின் பெயரோடு இணைந்த அச்சீர்திருத்தமும், கிராமப்புறங்களில் எழுந்த மத்திய கல்லூரிகளும் உழவர், மீனவர், நெசவாளர் பிள்ளைகளைப் பல்கலைக்கழக வாயில்வரை கொண்டுவந்தன. வந்தோர் தொகை பெருக, இடங்கள் பெருகாதிருந்தமையால் 1970களில் போட்டி கடுமையாயிற்று. 1971 இன் பின் மொழிவழித் தரப்படுத்தலும், 1974 இல் மாவட்டக் கோட்டாவும் வந்தன. மொழிவழித் தரப்படுத்தல் தமிழ் மாணாக்கருக்கு இழைத்த அநீதி பெரிது. எனினும் மாவட்ட அடிப்படை யாழ்ப்பாணத்தாரைப் பாதித்த விதமாகவே மட்டக்களப்பாரையும் பாதித்தது எனக் கூறுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. பின்தங்கிய மாவட்டமெனக் கணிக்கப்பட்ட மட்டக்களப்பின் பிள்ளைகள் சிலர்க்கு அது வாயிலைத் திறந்தது. தமிழ்ச் சமூகத்தினுள்ளே பிரதேசத்துக்குப் பிரதேசம் கல்வி வசதி ஏற்றத்தாழ்வுற்றிருந்தது என்னும் கசப்பான உண்மையை நாம் மறைத்தலாகாது.

4

யாழ்ப்பாண வளாகம் 1974 இல் பேராசிரியர் க. கைலாசபதியை முதலாவது தலைவராகக் கொண்டு தொடங்கியது. கிழக்கு மக்களின் கோரிக்கை நிறைவேற மேலும் ஏழு ஆண்டுகள் சென்றன. 1981 ஓகஸ்ட் 1 ஆம் திகதி மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி, வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளவிலே, விஞ்ஞானம், விவசாயம் என்னும் இரு துறைகளுடன் பேராதனையின் அரவணைப்பில் ஆரம்பமாயிற்று. அது 1986 ஒக்டோபர் 1 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்வு பெற்றது. கலைத்துறைகளுக்கு முன்னர் ஆய்வுகூடங்களோடு தோன்றியமை இப்பல்கலைக்கழகத்தின் தனித்தன்மை. நெல்வயலும் வாவியும் கடலும் சூழ்ந்த ஒரு பிரதேசத்திற்கு விஞ்ஞானமும் விவசாயமும் முதலில் வந்தமை தக்கதேயாகும்.

ஆயின் அவ்வளாகத்தின் கதவுகள் மட்டக்களப்பு மக்களுக்குப் பெருமளவில் திறந்தது கண்காட்சியின் பொருட்டன்று. 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது, சூழவிருந்த ஊர்மக்கள் உயிர்காக்க அங்கே அடைக்கலம் புகுந்தனர். அவ்வாண்டு செப்டெம்பர் 5 ஆம் திகதி அம்முகாமிலிருந்து 158 பேர் படையினராற் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் மீளவில்லை. பல்கலைக்கழகம் தனது இருபத்தைந்தாவது ஆண்டை அடைந்த 2006 இல், அதன் துணைவேந்தரும் விவசாயத்துறைப் பேராசிரியருமான சி. இரவீந்திரநாத் டிசெம்பர் 15 இல் கொழும்பிற் காணாமற்போனார். ஏனைய பல்கலைக்கழகங்கள் வெள்ளிவிழா மலர்களில் வளர்ச்சிப் பட்டியல் இடுகையில், வந்தாறுமூலையின் ஆண்டுக்கணக்கு இவ்விழப்புகளையும் உடன் எண்ணவேண்டியதாயிற்று. 2021 இல் அது நாற்பதாவது ஆண்டை நிறைவு செய்தது. கிழக்கில் ஆண்டு நிறைவு என்பது முதலிற் பிழைத்திருத்தலின் நினைவேயாகும்.

5

ஆரையம்பதியிலிருந்து வந்தாறுமூலைக்குச் செல்வோர், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரை நெடுகிலும் வடக்கே வந்து, 1924 இலிருந்து பாலம் பெற்ற கல்லடியில் வாவியைக் கடந்து, நகரையும் ஏறாவூரையும் செங்கலடியையும் தாண்டவேண்டும். பேருந்துத் தூரம் பெரிதன்று. சமூகத் தூரமே பெரிது. அத்தூரத்தை அளப்பதற்கு, ஆரையம்பதியில் ஏற்கனவே எத்தகைய அறிவு இருந்தது என்பதை முதலில் நோக்கவேண்டும்.

ஆரைப்பற்றை என முன்னாளில் வழங்கிய இவ்வூர், அயலூராகிய காத்தான்குடியையும் தெற்கேயுள்ள மருதமுனையையும் போலக் கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்றது. நெசவு இங்கு தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரின் தொழிலாகவும் இருந்தமை கவனத்திற்குரியது. ஒரே நூலை நம்பி ஒரே சந்தையிற் போராடிய இவ்வுழைப்பாளர்களை இனப்பகை பிரித்தது. 1990 ஓகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையிலிருந்தோர் கொல்லப்பட்டமை அப்பிரிவின் கொடிய உச்சமாகும். தறியின் வரலாற்றை எழுதுவோர் இதனை விலக்கி எழுதவியலாது.

தறியில் அமர்ந்திருப்பவர் செய்வது வெறும் உடலுழைப்பு எனக் கொள்வது மேட்டுக்குடி மயக்கம். அங்குலத்துக்கு அறுபது இழை வீதம் நாற்பத்தாறு அங்குல அகலமுள்ள துணிக்குப் பாவில் 2760 இழைகள் வேண்டும். கரையும் கட்டமும் இடையிட்டால் நிறத்துக்கு நிறம் அவ்வெண்ணிக்கையைப் பகுத்து, மீதி வராமல் அமைக்கவேண்டும். நூலின் இலக்கம் நாற்பது என்றால், 840 யார் கொண்ட கழிகள் நாற்பது சேர்ந்து ஓர் இறாத்தல் எடை எனப் பொருள். இலக்கம் ஏற ஏற நூல் மெல்லியதாகும். இக்கணக்கைக் கொண்டே ஒரு சாரத்துக்கோ சேலைக்கோ எவ்வளவு நூல் வாங்கவேண்டும் என்பது முடிவாகிறது. பாவின் இறுக்கம், ஈரக்காற்றில் நூல் நடந்துகொள்ளும் விதம், சாயம் பிடிக்கும் வெப்பநிலை என்பன கண்ணாலும் விரலாலும் அளக்கப்படுகின்றன. பௌதிகவியலும் இரசாயனவியலும் கணிதமும் இங்கே பெயரின்றித் தொழிற்படுகின்றன.

உலைக்களத்திலும் இதுவே நிலை. பொற்கொல்லர் உரைகல்லிற் கோடிழுத்து மாற்றறிவதும், வெண்காரம் இட்டுப் பற்றவைப்பதும், ஊதுகுழலால் சுடரை ஒரு புள்ளியில் நிறுத்துவதும் உலோகவியலின் செயன்முறைகளே. வலையெறிவோரும் வயல் செய்வோரும் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான வாவியின் உவர்ப்பு பருவத்துக்குப் பருவம் மாறுவதையும், முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டவேண்டிய வேளையையும் அறிந்திருந்தனர். இவ்வறிவு எழுத்தில் இல்லை. கையிலிருந்து கைக்கு வந்தது. ஆகவேதான் உரிமைப் பத்திரமும் சான்றிதழும் அதற்கு இல்லை.

கணினி ஆய்வுகூடத்தின் வரலாறே இதற்குச் சான்று. பிரான்சில் ஜக்கார்ட் 1804 அளவிற் செப்பஞ்செய்த தறியில், எந்த இழை உயரவேண்டும் எது தாழவேண்டும் என்பதைத் துளையிட்ட அட்டைகள் தீர்மானித்தன. அவ்வட்டை முறையைத் தம் கணிப்புப் பொறித் திட்டத்துக்கு சார்ள்ஸ் பபேஜ் எடுத்துக்கொண்டார். 1890 இல் அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டில் ஹொலரித் அமைத்த பொறியும் துளையட்டைகளைக் கொண்டே இயங்கியது. இழை மேலே அல்லது கீழே என்னும் இரண்டு நிலைகளிலிருந்து சித்திரம் தோன்றுதல் நெசவாளர்க்குப் புதிதன்று. விழாநாளிற் கணினிக் கூடத்தைப் பார்க்கவரும் நெசவாளர் அந்நியப் பொருளொன்றைப் பார்க்கவில்லை. தன் தறியின் வழித்தோன்றலைப் பார்க்கிறார். அதனை அவருக்குச் சொல்வார் இல்லை என்பதே குறை.

1857-58 இல் எழுதிய குறிப்புகளில் மார்க்ஸ், இயந்திரத்தைப் பொருளுருப் பெற்ற மனித அறிவாகக் கண்டார். சமூகம் முழுவதன் அறிவு மூலதனத்தின் உடைமையாகி, உழைப்பாளிக்கு எதிரே அந்நிய ஆற்றலாக நிற்பதை அவர் விளக்கினார். ஆய்வுகூடத்தை ஒரு பார்வையாளர் வியப்போடும் அச்சத்தோடும் நோக்குவதன் சமூக அடிப்படை இதுவே. தம் முன்னோர் கைகளிலிருந்து சென்ற அறிவு, கண்ணாடிப் பெட்டிக்குள் வேற்று முகத்தோடு திரும்பி வருகிறது.

தறிகளின் வீழ்ச்சிக்கும் சமூகக் காரணங்கள் உண்டு. இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய காலத்தில் உள்ளூர்த் துணிக்குச் சந்தை இருந்தது. கூட்டுறவுச் சங்கங்களும் சிறு கைத்தொழில் திணைக்களத்தின் நெசவு நிலையங்களும் இயங்கின. 1977 இன் பின் வந்த திறந்த பொருளாதாரம் ஆலைத்துணிகளைச் சந்தையில் நிரப்பியது. 1978 இல் கட்டுநாயக்காவிலே சுதந்திர வர்த்தக வலயம் எழுந்தது. நாட்டின் கிராமத்துப் பெண்கள் பிறர் வெட்டிய துணியைப் பிறர்க்காகத் தைக்கும் கூலியாட்களாக ஆடைத் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். துணியின் வடிவத்தைத் தீர்மானிக்கும் உரிமை தறியிலிருந்து பெயர்ந்து கடல்கடந்த வடிவமைப்புக் கூடங்களுக்குச் சென்றது. வடிவமைப்பு என்பது உழைப்பிலிருந்து பிரிந்த தனித் தொழிலாகியமை இப்பெயர்ச்சியின் விளைவே.

6

பல்கலைக்கழகமும் ஊரும் சமமாகச் சந்தித்த வரலாறு நமக்கு இல்லாமலில்லை. அது விஞ்ஞானக் கூடத்தில் நிகழவில்லை. கூத்துக் களரியில் நிகழ்ந்தது. பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962 இல் கர்ணன் போர், 1963 இல் நொண்டி நாடகம், பின்னர் இராவணேசன், 1968 இல் வாலிவதை ஆகியவற்றை மேடையேற்றியபோது, மட்டக்களப்புக் கூத்தின் ஆடலையும் தாளக்கட்டையும் அண்ணாவிமாரிடமிருந்தே பல்கலைக்கழகம் கற்றது. அம்மரபிலே வளர்ந்த பேராசிரியர் சி. மௌனகுரு பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைத் துறையை வழிநடத்தியபோது அவ்வுறவு வலுப்பெற்றது. அங்கு அண்ணாவியார் பார்வையாளரல்லர், ஆசிரியர். மத்தளம் அவர் கையில் இருந்தது. மாணாக்கர் அவர் முன்னே காலெடுத்து ஆடினர்.

இதனை ஆய்வுகூடச் சுற்றுலாவோடு ஒப்பிடுக. அங்கே நெசவாளரும் பொற்கொல்லரும் மீனவரும் வரிசையிற் சென்று, கயிற்றுக்கு அப்பால் நின்று, இளைய மாணாக்கரின் விளக்கத்தைக் கேட்டு நகர்கின்றனர். கலையில் ஊரைக் குருவாகக் கொண்ட பல்கலைக்கழகம் விஞ்ஞானத்தில் ஊரைக் கூட்டமாகக் கொள்கிறது. இவ்வேறுபாடு தற்செயலானதன்று. கூத்து சந்தைப் பெறுமானம் குறைந்தது. அதனை மக்களுடையதென ஒப்புக்கொள்வதால் யாருக்கும் இழப்பில்லை. தொழில்நுட்ப அறிவோ உற்பத்தியோடும் இலாபத்தோடும் நேரடித் தொடர்புடையது. அதன் உடைமை பற்றிய வினா உற்பத்தி உறவுகள் பற்றிய வினாவாகிவிடும்.

வடிவமைப்புக் கல்வியின் வரலாறு இவ்விடத்து ஒரு படிப்பினை தருகிறது. 1919 இல் வைமாரில் தோன்றிய பௌஹௌஸ் பள்ளி, கைவினைப் பட்டறையைக் கல்வியின் மையமாக்க முயன்றது. அங்கே நெசவுப் பட்டறையும் இருந்தது. நாஜிகளின் நெருக்குதலால் 1933 இல் அது மூடப்பட்டது. இந்தியாவில் சார்ள்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் ஆகிய இருவரும் 1958 இல் அளித்த அறிக்கை, நாள்தோறும் நீர் மொள்ளும் செம்பைத் தலைசிறந்த வடிவமைப்புக்கு எடுத்துக்காட்டாகக் கொண்டது. தனியொருவர் வகுத்ததன்று, தலைமுறை தலைமுறையாகப் பலர் கைபட்டு உருவானது அது என்பது அவர்தம் கருத்து. அவ்வறிக்கையின் வழி 1961 இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்தது. செம்புக்குக் கிடைத்த மதிப்பு அதனைச் செய்த கன்னார்க்கு எவ்வளவு கிடைத்தது என்பது வேறு வினா. எனினும் பொருளின் அழகியல் உழைப்பாளியின் அறிவே என்னும் ஒப்புதல் அங்கே உண்டு.

7

இம்மண்ணிலேயே பிறந்த ஒருவர் ஆய்வுகூடத்துக்கும் கைவினைக்கும் மொழிக்கும் இடையே பாலமிட்டார். காரைதீவில் 1892 இற் பிறந்த மயில்வாகனம், பின்னர் சுவாமி விபுலாநந்தர், தமிழறிஞராக அறியப்படுமுன் விஞ்ஞான மாணாக்கராக இருந்தார். கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் 1916 இல் விஞ்ஞான தராதரப் பத்திரமும், 1920 இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றிய அவர், 1930களில் சென்னையில் நடைபெற்ற விஞ்ஞானக் கலைச்சொல்லாக்க முயற்சியிலும் முன்னின்றார்.

அவரது யாழ்நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. பழைய யாழ்களின் நரம்புநீளத்தையும் சுரவிகிதங்களையும் கணிதத்தாற் கண்டறிந்த நூல் அது. அக்கணக்கின்வழி செய்யப்பட்ட யாழ்கள் அங்கே கூடியிருந்தோருக்குக் காட்டப்பட்டன, இசைத்தும் காட்டப்பட்டன. ஒலியியற் கணக்கு, தச்சரின் கைவினை, இசைவாணரின் விரல், ஊர்மக்களின் செவி ஆகிய நான்கும் ஓரிடத்திற் கூடிய அந்நிகழ்வு, நாம் அறிந்த ஆய்வுகூடக் காட்சிகளுள் முன்மாதிரியானது. எல்லாம் தமிழில் நிகழ்ந்தன என்பது அதன் மற்றொரு சிறப்பு.

மொழியே இன்றைய கண்காட்சிகளின் உள்முரணை வெளிப்படுத்துகிறது. ஆரையம்பதியின் பிள்ளை உயர்தரம்வரை விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்கிறது. பல்கலைக்கழகத்துள் நுழைந்ததும் அதே விஞ்ஞானத்தை ஆங்கிலத்திற் புதிதாகத் தொடங்குகிறது. கலைப்பாடங்கள் 1960 முதல் தாய்மொழியில் கற்பிக்கப்பட்டபோதும் விஞ்ஞான பீடங்கள் ஆங்கிலத்தினின்றும் பெயரவில்லை. ஆங்கில அறிவின் சர்வதேசப் பயனை நாம் மறுக்கவில்லை. ஆயின், ஆண்டு முழுவதும் தமிழ் புகாத கூடத்திற் கண்காட்சி நாளன்று மாத்திரம் தமிழ் புகுகிறது. ஊர்ப் பெரியவருக்கும் பாடசாலைச் சிறுவருக்கும் விளக்கவேண்டிய மாணாக்கர், பாடசாலையில் விட்டுவந்த சொற்களைத் தேடியெடுக்கின்றனர். தாம் கற்றதைத் தாய்மொழியிற் சொல்ல முயல்கையிலேயே, எதை உண்மையில் விளங்கிக்கொண்டோம், எதை உருப்போட்டோம் என்பது அவர்களுக்குத் தெரியவருகிறது. ஆகவே கண்காட்சியாற் பெரும்பயன் பெறுவோர் பார்வையாளர் மட்டுமல்லர், விளக்குவோருமாவர். அறிவைச் சமூகத்தின் மொழிக்கு மீட்கும் பயிற்சி ஆண்டிலே சில நாட்களுக்கு மட்டும் நடைபெறுவது போதுமா என்பதே நம் வினா.

8

இதுகாறும் கூறியவற்றால் ஆண்டுவிழாக் கண்காட்சிகள் பயனற்றவை என்பது நம் கருத்தாகாது. ஓர் ஏழை வீட்டுப் பிள்ளை நுண்ணோக்கியின் வழியே முதன்முறையாக வாவிநீரின் ஒரு துளியைக் காணும் கணம் அதன் வாழ்க்கைப் போக்கையே மாற்றவல்லது. அதனைக் குறைத்து மதிப்பிடுவோர் இலவசக் கல்வியின் வரலாற்றை அறியாதவர். நாம் வேண்டுவது விழாவின் நிறுத்தமன்று, அதன் திசைமாற்றம்.

அத்திசைமாற்றத்துக்குரிய நிலைமைகள் கிழக்கில் உள்ளன. 1982 இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கி இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பகுதியாக விளங்கும் கல்லடி சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்திற் கட்புல, தொழில்நுட்பக் கலைகள் கற்பிக்கப்படுகின்றன. ஆரையம்பதிக்கும் அதற்கும் இடையே வாவிகூட இல்லை. 2013 முதல் பாடசாலை உயர்தரத்திலே தொழில்நுட்பப் பிரிவும் உண்டு. அண்ணாவியாரைக் கூத்துக்கு ஆசிரியராக அழைத்த அதே மனத்துணிவோடு, முதிய நெசவாளரையும் பொற்கொல்லரையும் பட்டறை ஆசிரியராக, ஊதியத்தோடும் உரிய மதிப்போடும், அழைத்தல் இயலாததன்று. பா, ஊடை, அச்சு, விழுது, மிதி எனத் தொழிலோடு வாழ்ந்த சொற்களை ஊருக்கு ஊர் திரட்டிப் பதிவுசெய்தல் தமிழ்த்துறைக்கும் விஞ்ஞானத்துறைக்கும் பொதுவான ஆய்வாகும். நூல் திரட்டும் சாயமும் நீரும் பற்றிய வினாக்களை நெசவாளர் கேட்க, ஆய்வுகூடம் விடை தேடுதல் மற்றொன்று. அவ்வாறு நிகழுமாயின், ஆய்வுப் பொருளைத் தீர்மானிப்பதில் உழைப்போருக்கும் பங்கு கிடைக்கும்.

இவற்றைத் தள்ளிப்போடுவதற்குக் காலம் நமக்குத் துணையில்லை. கையிலிருந்து கைக்கு வந்த அறிவு, ஏற்கும் கை இல்லாதபோது ஒரு தலைமுறையில் மறைந்துவிடும். நூலகத்தில் எரிந்த ஏட்டுக்கு வேறெங்கேனும் ஒரு படி இருத்தல் கூடும். பாவின் இறுக்கத்தை விரலால் அறிந்த முதியவர் மறைந்தால் அதற்குப் படி இல்லை. கிழக்குப் பல்கலைக்கழகம் 2031 இல் தன் ஐம்பதாவது ஆண்டை அடையும். அப்பொன்விழாவிலே கூடங்கள் திறக்கப்படுகையில், ஆரையம்பதி நெசவாளர் கயிற்றுக்கு அப்பால் நிற்பாரா, தறியின் முன் அமர்ந்து மாணாக்கருக்குக் கற்பிப்பாரா என்பது இன்றைய தலைமுறையின் செயலால் முடிவு செய்யப்படும். விழா முடிந்த மறுநாட் காலையிலும் அவர் உள்ளே செல்லக்கூடியதாயிருக்குமாயின், பல்கலைக்கழகம் மக்களுடையதாயிற்று என நாம் கொள்ளலாம்.